ஓரம் உரசிய வெள்ளிக் காசு

பேய், பிசாசு, செய்வினை இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்தில் கருவிகளோடு வேலை பார்த்தவன் நான். எதையும் ஒருமுறை அளந்து, சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பேன். ஆனால் அருவருப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது எனக்குப் பிறவியிலேயே அதிகம். ஹோட்டலில் தம்ளர் விளிம்பைத் துடைக்காமல் குடிக்க மாட்டேன், பஸ் கம்பியைப் பிடித்த கையால் முகத்தைத் தொட மாட்டேன். இப்போது சொல்லப்போகிற விஷயத்தில் பயம் வந்ததா என்றால் வந்தது, பயத்தைவிட அருவருப்புதான் அதிகம், அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிறவன் பழைய காசு சேர்க்கிற பைத்தியத்தில் எப்படி விழுந்தேன் என்பது எனக்கே புரியாத ஒன்று. என் மனைவி செல்வி செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி, நான் சேலத்துக்காரன். "ஊரான் கையழுக்கெல்லாம் பொட்டியில வெச்சி பூட்டிகினு, நான் தொட்ட சொம்ப மட்டும் கழுவிக் குடிக்கிறீங்க" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. பழைய காசைக் கழுவக் கூடாது என்பதுதான் இந்தப் பித்தின் முதல் விதி. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுவார்கள், தேய்த்தால் மேல்பரப்பு போய்விடும், மேல்பரப்பு போனால் மதிப்பும் போய்விடும். அதனால் அழுக்கை அழுக்காகவே ஓரத்தில் பிடித்துப் பார்ப்பேன், வைப்பேன், பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். குவார்ட்டர்ஸில் யாருக்காவது தாத்தா பெட்டியில் ஒரு காசு கிடைத்தால் என்னிடம்தான் வரும். என்ன தேறும் என்று நான் சொல்வதை நம்பிப் போவார்கள்.

என் மாமனாருக்கு ஏரிக்கரை ஓரத்துக் கிராமத்தில் நிலம் இருந்தது, நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். கடைசிக் காலத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிப் பேச்சு குழறியது. அசைகிற ஒரு கையால் நாள் முழுக்க நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைப்பது என்றால் வியர்வையைத் துடைப்பதுபோல் இல்லை, எதையோ வழித்துப் போடுவதுபோல் புறங்கையால் இழுத்து இழுத்து விடுவார். நெற்றித் தோல் உரிந்து நீர் கசியும், அதில் ஈ உட்காரும், கையைக் கட்டிப் போட்டால் கத்துவார். நோயின் கூத்து என்றார் டாக்டர், நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்க்கப் போனால் வாசல்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன், செல்வி என்னை முறைப்பாள், என்ன செய்ய, என் வயிறு அப்படி.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டிக் கிடத்தி, சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டினார்கள், அது எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். காசு நிற்கவில்லை. வழுக்கிக் காதோரம் விழுந்தது. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி மறுபடி வைத்தார்கள், அதுவும் வழுக்கியது, நெற்றி ஈரமாகவே இருந்தது. யாரோ ஈரத்தை ஒற்றியெடுத்த துணியை என் கையில் கொடுத்துவிட்டார்கள், நான் அதை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். தெருவில் அவருடைய பங்காளி நடேசன் குடித்துவிட்டு நின்று கத்திக்கொண்டிருந்தார். வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. "பொணத்து நெத்திக்காசக் கூட வுடாத வம்சம்டா இது, எங்க நெலத்த வுடுமா" என்றார். இழவு வீட்டில் இதெல்லாம் சகஜம், கஞ்சனைத் திட்டுகிற திட்டுதானே, நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருமாதி எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மச்சான் சேகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். செல்வியின் தம்பி, செங்கல்பட்டில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்து அப்போதுதான் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மாசம் நிறையாமல் பிறந்த குழந்தை, கைக்குள் அடங்கிவிடும், மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தெம்பு இல்லாமல் சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அப்பா சாவறதுக்கு முன்ன என் கையில குடுத்துச்சி மாமா. நேத்திக்காசு, வூட்ல வெக்காதன்னுச்சி. பன்னி ரூபான்னு ஒண்ணு கீதாமே, லட்சக்கணக்குல போவுதாமே, அதுவா இது, பாரு."

நேத்திக்காசு என்றால் நேர்த்திக்கடனுக்கு முடிந்துவைத்த காசு. அதுதான் மஞ்சள் துணி, அதுதான் வீட்டில் வைக்காதே, கோயிலில் சேர்த்துவிடு என்று சொல்லியிருக்கிறார், எல்லாம் பொருந்தித்தானே இருக்கிறது. அப்படியானால் உண்டியலில் போட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நல்ல வெல போச்சின்னா வித்து, திருவிடந்தை பெருமாளுக்கு ஒரு பங்கு போட்டுட்டு, மிச்சத்துல கொழந்தைய பெரிய டாக்டராண்ட காட்டலாம்னு. போவலன்னா உருக்கி அதுக்கு ஒரு பாலாடை செஞ்சிட்றேன். சாமி காசுல பால் குடிச்சா தேறிக்கும்ன்றா குமாரி."

குமாரி அவன் மனைவி. பாலாடை என்பது குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணி. ஆக, நான் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்துத்தான் அந்தக் காசு கடைக்குப் போவதும் குழந்தை வாய்க்குப் போவதும். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால்தான் முடிச்சை அவிழ்க்கும்போதே வந்த நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கு நாற்றம் கிடையாது. செம்புக்கு உண்டு, பித்தளைக்கு உண்டு, வெள்ளிக்கு இல்லை. இது புளித்துப்போன சந்தனமும் வாடிய மாலையும் தண்ணீரில் ஊறிக் கெட்ட பச்சரிசியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, மூக்கில் நுழைந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.  ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு லென்ஸைக் கண்ணில் மாட்டினேன்.

ராஜா தலை ரூபாய். முதலில் பன்றி. 1911-ஆம் வருஷத்துக் காசில் ராஜாவின் அங்கியில் இருக்கிற சின்ன யானை பன்றி மாதிரி வந்துவிட்டது, ஜனங்கள் கோபப்பட்டார்கள், அந்தக் காசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அதனால் அதற்குக் கிராக்கி. இதில் யானை தும்பிக்கையோடு யானையாகவே இருந்தது, வருஷமும் சாதாரண வருஷம். ஆனால் தலைப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது, தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது, கையில் புழங்கிய தேய்மானமே இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். திருப்பினேன்.

பூப் பக்கம் அரித்துப்போயிருந்தது. முழுக்க இல்லை, நடுவில், வட்டமாக, சின்னச் சின்னக் குழியாக. காசு மண்ணில் புதைந்தால் இரண்டு பக்கமும் அரிக்கும், பெட்டியில் இருந்தால் இரண்டு பக்கமும் கறுக்கும். ஒரு பக்கம் மட்டும் எதன்மேலோ ஒட்டியிருந்து, அந்த எதுவோ கசிந்து கசிந்து தின்றமாதிரியான அரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எழுத்துகளின் சந்தில் கறுப்பாகப் பிசுபிசுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அதில் ஒரு மயிர். குட்டையாக, தடித்து, லேசாக வளைந்து. துணி நூல் என்று நினைத்து ஊசி முனையால் இழுத்தேன், வேரோடு வந்தது. தலைமுடி அவ்வளவு குட்டையாக இருக்காது. கண் இமை மயிர் அவ்வளவு தடித்திருக்காது. வேறு எந்த மயிர் என்று யோசிக்க நான் விரும்பவில்லை, காகிதத்தில் மடித்து வெளியே எறிந்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டிப் பார்த்தேன். நல்ல வெள்ளி என்றால் ணங்கென்று பாடும், அந்த ஓசை கொஞ்ச நேரம் நிற்கும். இது பாடவில்லை. தொடையில் தட்டின மாதிரி தொப்பென்றது, அவ்வளவுதான். ஈயமோ என்று சந்தேகப்பட்டுத் தராசில் வைத்தேன், தண்ணீரில் போட்டு அளந்தேன், நல்ல வெள்ளிதான். ஆனால் எடை கொஞ்சம் குறைந்தது, அந்த அரிப்புக்குக் கழித்தாலும் குறையக் கூடாத அளவு. ஏன் என்று ஓரத்தைப் பார்த்தேன். ஓரத்துக் கோடுகளில் ஒரு இடம் மட்டும் மழுங்கி, பளிச்சென்று வெள்ளையாக, நேற்று உரசினமாதிரி இருந்தது. அந்த நாறின காசில் சுத்தமாக இருந்த ஒரே இடம் அதுதான். எந்த மடையன் கல்லில் உரசிப் பார்த்தானோ என்று எரிச்சல் வந்தது.

"ஒரு பக்கம் அரிச்சிருக்கு, ஓரத்தை உரசியிருக்காங்க, சேர்க்கிறவன் எவனும் வாங்க மாட்டான் மச்சான். வெள்ளி விலைதான் தேறும்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "சரி மாமா, அப்ப பாலாடையே செஞ்சிக்கறேன். நாளைக்கே பத்தராண்ட குடுத்துட்றேன்" என்று காசை முடிந்து எடுத்துக்கொண்டு போனான். போன பிறகு மேஜையை டெட்டால் போட்டுத் துடைத்தேன், தராசுத் தட்டைக் கழுவினேன், கையைக் கழுவிக் கழுவி விரல் தோல் சுருங்கிவிட்டது, வாடை போகவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் சோற்றைப் பார்த்தாலே அந்த ஊறின அரிசி ஞாபகம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டேன். மதியம் கஞ்சி குடித்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டு மல்லாந்து படுத்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, வெளியே பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான், இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால் இருட்டில் எதையோ கண்டு மிரண்ட கதை இல்லை இது. அரைத் தூக்கத்தில் நெற்றியில் ஏதோ கனத்தது. குளிர்ச்சியாக, வட்டமாக, நடு நெற்றியில். செல்வி ஈரத்துணி வைக்கிறாள் என்று நினைத்தேன். தாடை இறுகியது, வாயைத் திறக்க முடியவில்லை, கீழிருந்து துணி போட்டு இழுத்துக் கட்டினமாதிரி. கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அந்த வாடை முகத்துக்கு நேராக வந்தது. ஒரு கை மட்டும் அசைந்தது. நான் அந்தக் கையால் நெற்றியை வழித்தேன், புறங்கையால், இழுத்து இழுத்து.

"இன்னாங்க, இன்னா இது, அப்பா மாதிரியே துடைக்கிறீங்க" என்று செல்வி உலுக்கி எழுப்பினாள்.

எழுந்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்தாள், கண்ணாடியை எடுத்து நீட்டினாள். நம்பினால் நம்புங்கள், நடு நெற்றியில் ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம், தோல் ஊறி வெளுத்து, குழி குழியாக, சுற்றிலும் காசின் ஓரக் கோடுகள் பதிந்து. ஓரத்தில் மட்டும் ஒரு இடத்தில் கோடு இல்லை, மழுங்கியிருந்தது. என் புத்தியைப் பாருங்கள், அந்த நிலையிலும் அளவுகோலை எடுத்து வைத்து அளந்தேன், ராஜா தலை ரூபாயின் அளவேதான். காசு அப்போது என் வீட்டில் இல்லை. நேற்றே போய்விட்டது.

செல்விதான் முதலில் சொன்னாள். "நெத்தியில."  குழறின வாயால் சொன்ன சொல், ஒரு எழுத்தின் நீளம்தான் வித்தியாசம். அவர் நேத்திக்காசு என்று சொல்லவில்லை. நெத்திக்காசு என்று சொன்னார். அதனால்தான் வீட்டில் வைக்காதே என்றார். நடேசன் தெருவில் நின்று கத்தியது திட்டு இல்லை.

நான் போய் வாய் கொப்பளித்தேன், வாந்தி எடுத்தேன். அந்த மயிர் எந்த இடத்து மயிர் என்று இப்போது தெரிந்துவிட்டது. புருவம். யாரோ ஒரு பிணத்தின் நெற்றியில் ஊறின வெள்ளியை உருக்கி, பாலை ஊற்றி, அந்தச் சின்ன வாயில் வைக்கப்போகிறார்கள், அதுவும் நான் சொன்ன தீர்ப்பின் பேரில். ஸ்கூட்டரை எடுத்தேன், செல்வி பின்னால் ஏறினாள், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஜாருக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பத்தர் கடையில் சேகர் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே உலை அணைந்திருந்தது. பத்தர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, காசு சூடேறறதுக்குள்ளயே சுடுகாடு மாதிரி நாறுது. பக்கத்து டீக்கடைக்காரன் வந்து சண்டைக்கு நிக்கிறான். நமக்கு வாணாம், எடுத்துகினு போய்டு."

காசு உருகவில்லை. தலைப்பக்கம் கறுத்திருந்தது, அரித்த பக்கம் ஈரமாகவே இருந்தது, நெருப்பில் வைத்து எடுத்த காசு. "உரசிப் பார்த்தீங்களா" என்று கேட்டேன். "நான் ஒரசல சார், வந்தப்பவே ஓரத்துல ஒரசித்தான் இருந்திச்சி" என்றார்.

அங்கிருந்து நேராக நடேசனிடம் போனோம். குடிக்காமல் இருந்தார், அதிசயமாக மரியாதையாகவும் பேசினார். காசைத் தூரத்திலிருந்து பார்த்தார், தொடவில்லை.

"எங்க தாத்தா செத்தப்ப நெத்தியில ராஜா தல வெள்ளி வெச்சாங்களாம், எங்கப்பா சொல்லும். குழிகிட்ட எறக்கும்போது காணோம். வெட்டியான்தான் எடுத்துட்டான்னு கட்டி வெச்சி அடிச்சாங்க, அவன் ஊர வுட்டே பூட்டான். பாடைகூட நடந்து வந்ததுல சின்னப் பையன் உங்க மாமனாருதான். எங்கப்பாவுக்கு அப்பவே சந்தேகம், யாரு கேட்டா?"

குழியிலேயே போட்டுவிடலாமா என்றான் சேகர். அவர் கையை விரித்தார். "குழி எங்க கீது? அந்த எடத்தையும் சேத்து பிளாட்டு போட்டு வித்துட்டானுங்களே. கடல்ல வுட்ருங்கப்பா."

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். இன்னும் வெளிச்சம் இருந்தது, வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், கரையில் மீன்குடலை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வியாபாரி ஓடிவந்து என் முகத்துக்கு நேரே கையை நீட்டினான். "சார், ராஜா காசு, ராணி காசு, ஒரிஜினல் சார்." சேகர் அங்கேயே மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முடிச்சோடு ஓங்கி எறிந்தான். அலைக்கு அப்பால் விழுந்தது, பார்த்தேன். கரைக்குத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் என் விரலிலிருந்து அந்த வாடை போயிற்று. நெற்றி வட்டமும் இருட்டுவதற்குள் மறைந்துவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், மாமனாரைப் பார்த்த அருவருப்பில் எனக்கு ஏதோ ஆயிற்று என்று விட்டிருப்பேன். சேகர் வீட்டுக்குப் போனோம். குழந்தை கொஞ்சம் தேறித்தான் இருந்தது, செல்வி மடியில் வாங்கிக்கொண்டாள். குமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னான் சேகர்.  அவள் அடுப்படிக்குப் போய், சந்தனம் அரைக்கிற கல்லை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தாள்.

"சாமி காசுன்னு நெனச்சித்தாண்ணா. பாலு குடிக்க மாட்டேங்குதேன்னு, தேன்ல ஒரசி நாக்குல தடவனேன். நாலஞ்சி நாளு தடவனேன்" என்றாள்.

 கல்லில் வெள்ளைக் கீறல்கள் இருந்தன. செல்வி குழந்தையைத் திரும்ப அவள் கையில் கொடுத்தாள், கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நன்றாகவே வளர்ந்தது. பிறகு சேகர் ஐ.டி. கம்பெனிகளுக்கு வேன் ஓட்ட ஆரம்பித்துப் படூரில் ஒரு ஃபிளாட் வாங்கினான், கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். அவள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண், சுட்டி, என்னை மாமா மாமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் புது டைல்ஸ் தரையில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டோம். அவள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் ஒரு கை எழுந்து புறங்கையால் நெற்றியை வழித்தது. வழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் வழித்தது. குமாரி எழுந்து போய் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மார்பில் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தினமும் செய்கிறவள்போல் செய்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வியர்வையாக இருக்கலாம், பவர்கட், மின்விசிறி ஓடவில்லை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தராசு காட்டிய எடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, இருக்க வேண்டியதில் ஒரு துளி குறைந்தது. நாங்கள் கடலில் போட்டது மீதியைத்தான்.